எந்தப் பரீட்சை ஈஸி என்று கேட்கிறவர்களுக்கு

"அக்கா, எந்தப் பரீட்சை ஈஸி?"

எனக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். மீதிப் பாதி, "கிராமருக்கு எந்த புக் வாங்கட்டும்?" கேட்கிறவர்களின் திட்டமும் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கி அட்டை முதல் அட்டை வரை முடிப்பது; தெம்பு வந்ததும் ஐஎல்ட்ஸா, ஓஇடியா, பிடிஇயா என்று முடிவு பண்ணுவது. புத்தகம் 'டென்ஸ்' பாடத்தைத் தாண்டாது. தெம்பும் வராது. இடையில் கல்யாணம், நைட் டூட்டி, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வருஷம் ஓடிவிடும்.

நான் இதற்கு எதிர்க்கட்சி. பரீட்சையை முதலில் முடிவு பண்ணுங்கள். எந்த இலக்கணம் வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதை அந்தப் பரீட்சையே சொல்லிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோச்சிங் சென்டர் எதுவும் நடத்தவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் எடுத்தவள். இப்போது மாலை நேரத்தில் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் எழுதி அனுப்புகிற கடிதங்களையும் கட்டுரைகளையும் திருத்திக் கொடுக்கிறேன். எங்கள் நாகர்கோவில் பக்கம் தெருவுக்கு ஒரு நர்ஸாவது உண்டு. ஒருத்தி குவைத்தில் இருப்பாள், அவள் தங்கை லண்டனுக்குப் போக ஏஜென்சியில் பேசிக்கொண்டிருப்பாள். அதனால் என்னிடம் வருகிறவர்களிலும் நர்ஸ் பிள்ளைகள்தான் அதிகம். அவர்களை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

எந்தப் பரீட்சை என்பதை முதலில் தீர்மானிப்பது நீங்கள் இல்லை, உங்கள் மதிப்பெண்ணைப் படிக்கப்போகிறவர். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமானால் அந்த ஊர் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில்தான் அந்த ஆள். அவர்கள் ஏற்பது இரண்டு பரீட்சைகளை: ஐஎல்ட்ஸில் அகாடமிக், அல்லது ஓஇடி. 2017 நவம்பர் வரை ஐஎல்ட்ஸ் மட்டும்தான் இருந்தது. அதன் பிறகுதான் ஓஇடியையும் சேர்த்தார்கள். ஐஎல்ட்ஸ் என்றால் மொத்தத்தில் 7, கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் தனித்தனியாக 7, எழுதுதலில் 6.5. அந்த எழுதுதலும் முன்பு 7 ஆகத்தான் இருந்தது. கையில் நல்ல அனுபவம் உள்ள நர்ஸ்கள் எழுதுதலில் அரை பேண்டுக்குக் கவிழ்ந்துகொண்டே இருந்ததால் 2018 டிசம்பரில் அரையைக் குறைத்தார்கள். ஓஇடி என்றால் மூன்றில் பி கிரேடு, எழுதுதலில் மட்டும் சி பிளஸ். அதாவது 500க்கு 350, எழுதுதலில் 300.

இப்போது "எது ஈஸி" என்ற கேள்விக்கு வரலாம். ஓஇடி முழுக்க மருத்துவமனை. ஆஸ்திரேலியாவில் பிறந்த பரீட்சை. டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோ என்று 12 தொழில்களுக்குத் தனித்தனியாக எழுதுதலும் பேசுதலும் உண்டு. நர்ஸ் எழுதுகிற கடிதத்தை டாக்டர் எழுதுவதில்லை. ஐஎல்ட்ஸில் அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. இன்றைக்கு எழுத்துத் தேர்வில் நகரங்களில் போக்குவரத்து நெரிசல் பற்றிக் கேட்பான், நாளைக்கு அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்பான். ஐசியூவில் எட்டு வருஷம் நின்ற ஒருத்திக்கு அருங்காட்சியகத்தைப் பற்றி 250 வார்த்தை எழுத என்ன இருக்கிறது?

அதற்காக நர்ஸ் என்றால் ஓஇடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஓஇடிக்குக் கட்டணம் ஐஎல்ட்ஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு தடவை தவறினால் அதே பணத்தில் ஐஎல்ட்ஸ் இரண்டு தடவை எழுதியிருக்கலாம். அப்புறம், கேட்டல் பகுதியில் முதல் பாகம் நோயாளியும் மருத்துவரும் பேசிக்கொள்வது. ஒரு தடவைதான் ஓடும், கேட்டுக்கொண்டே குறிப்பு நிரப்ப வேண்டும். வார்டில் தமிழிலும் மலையாளத்திலுமே பேசி வேலை பார்த்தவர்களுக்கு, நோயாளியே ஆங்கிலத்தில் முனகுவது புது அனுபவம். படித்து முடித்து இரண்டு வருஷத்துக்குள் இருக்கிற, நாவல் வாசிக்கிற பழக்கமுள்ள பெண்களிடம் ஐஎல்ட்ஸையே முயன்று பார் என்று சொல்லியிருக்கிறேன். வார்டு அனுபவம் நீண்டது, பொதுவாசிப்பு குறைவு என்றால் ஓஇடி. இதுதான் என் கணக்கு.

கனடாவுக்குக் குடியேறப் போகிறவர்களுக்குக் கதையே வேறு. புள்ளி போட்டு ஆள் எடுக்கிற எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு ஐஎல்ட்ஸ் அகாடமிக் செல்லாது, ஜெனரல் டிரெயினிங்தான் வேண்டும். ஒரு தம்பி, மென்பொருள் வேலை, எல்லாவற்றிலும் 7க்கு மேல் எடுத்துவிட்டு சந்தோஷமாக ஃபோன் பண்ணினான். எந்த வகை எழுதினாய் என்று கேட்டேன். "அகாடமிக்தான் கஷ்டம்னாங்க, அதனால அதையே எழுதிட்டேங்க்கா." இந்தப் பக்கம் நான் ஒன்றும் பேசவில்லை. மறுபடி பணம் கட்டினான். ஐஎல்ட்ஸ் ஜெனரல் தவிர செல்பிப் என்ற பரீட்சையும், 2024 ஜனவரியிலிருந்து பிடிஇ கோரும் அங்கே செல்லும். இங்கேயும் பெயரில் சிக்கல் உண்டு: பிடிஇ அகாடமிக் வேறு, பிடிஇ கோர் வேறு.

கனடாக் கணக்கில் இன்னொரு நுணுக்கம். அவர்கள் ஐஎல்ட்ஸ் பேண்டைத் தங்கள் சொந்த அளவுகோலான சிஎல்பிக்கு மாற்றிக்கொள்வார்கள். சிஎல்பி 9 வேண்டுமென்றால் வாசித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 7 போதும். கேட்டலில் மட்டும் 8 வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் துணை கூட வராத விண்ணப்பதாரருக்கு ஒரு திறனுக்கு சிஎல்பி 8இல் 23 புள்ளி, 9இல் 31. நான்கு திறனுக்கும் சேர்த்தால் 32 புள்ளி வித்தியாசம். அதற்கு மேல் படிப்பு, அனுபவத்தோடு சேர்ந்து வருகிற புள்ளிகள் தனி. ஆகவே கனடாக்காரர்கள் எழுத்தில் 7லிருந்து 7.5க்கு ஏற மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட, காதைத் தீட்டுவது லாபம். இதை ஏஜென்ட் சொல்லமாட்டார். எல்லோருக்கும் ஒரே பாக்கேஜ்தான் விற்பார்.

படிக்கப் போகிற பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பாருங்கள், அதில் உள்ளவற்றில் உங்கள் கைக்கு ஒத்து வருவதை எழுதுங்கள். டியோலிங்கோ வீட்டிலிருந்தே ஒரு மணி நேரத்தில் முடிகிற, கட்டணம் குறைந்த பரீட்சை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நிறைய ஏற்கின்றன. ஆனால் பிரிட்டன் நர்சிங் கவுன்சிலிலும் கனடாக் குடியேற்றத்திலும் அதற்கு மதிப்பில்லை. டோஃபெல் எழுதுகிறவர்கள் சீனியரிடமிருந்து பழைய புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டாம். 2026 ஜனவரியிலிருந்து பரீட்சையே மாறிவிட்டது. 120க்கு என்றிருந்த மதிப்பெண் இப்போது 1 முதல் 6 வரையிலான அளவில் வருகிறது. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பதிவையே மூடிவிட்டு ஜெர்மன் பி2 வகுப்பைத் தேடுங்கள்.

பிடிஇ பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எதிரே ஆள் கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் பேச வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரனும் அதே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பான். மனிதரைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிற சுபாவக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். எதிராளி தலையாட்டினால்தான் பேச்சு வரும் என்கிறவர்களுக்கு ஐஎல்ட்ஸின் நேர்காணலே நல்லது. அங்கே 11 முதல் 14 நிமிஷம், நிஜமான ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்பார். "எது ஈஸி"க்கு என்னிடம் உள்ள ஒரே நேர்மையான பதில் இப்படிப்பட்டதுதான். உங்கள் சுபாவம் தெரியாமல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது.

சரி, இலக்கணத்துக்கு வருவோம்.

டோஃபெல் 1964இல் தொடங்கிய காலத்திலிருந்து வெகுகாலம் அதில் இலக்கணத்துக்கென்றே தனிப் பகுதி இருந்தது. நான்கு விடைகளில் சரியானதை வட்டமிடுகிற வகை. 2005இல் இணையவழி டோஃபெல் வந்தபோது அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டார்கள். இப்போதைய புது வடிவத்தில் கலைந்து கிடக்கிற சொற்களை வாக்கியமாக அடுக்கச் சொல்லி ஒரு சின்னப் பகுதி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐஎல்ட்ஸிலும் ஓஇடியிலும் "கோடிட்ட இடத்தில் சரியான வினைச்சொல்லைப் போடு" என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் நம் பிள்ளைகள் படிப்பதெல்லாம் கோடிட்ட இடம்தான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில் ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றி மாற்றி நாங்களும் வளர்ந்தோம். மாற்றத் தெரிந்தது, எப்போது எது வேண்டும் என்று தெரியவில்லை.

ஐஎல்ட்ஸில் எழுதுதலுக்கு நான்கு அளவுகோல்கள். கேட்டதற்குப் பதில் சொன்னாயா, கோர்வை இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. ஒவ்வொன்றும் கால் பங்கு. பேசுதலிலும் இலக்கணத்துக்குக் கால் பங்குதான். ஆகவே இலக்கணத்தை மட்டுமே படித்துக்கொண்டிருப்பவர், முக்கால் பங்கை விட்டுவிட்டுக் கால் பங்கோடு மல்லுக்கட்டுகிறார். அந்தக் கால் பங்கிலும் பரீட்சகர் என்ன பார்க்கிறார்? பேண்டுக்குப் பேண்டு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற விளக்கப் பட்டியலை ஐஎல்ட்ஸ் நடத்துகிறவர்களே இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். கோச்சிங் பணம் கட்டுமுன் அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள். 6க்கும் 7க்கும் இடையே இலக்கணத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுதான்: 6இல் எளிய வாக்கியம், சிக்கலான வாக்கியம் இரண்டும் கலந்து வரும், ஆங்காங்கே பிழை இருக்கும், ஆனால் பொருள் புரியும். 7இல் பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும்.

இதைப் படித்ததிலிருந்து நான் திருத்துகிற முறையையே மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் தாள் முழுக்கச் சிவப்பாக்கி அனுப்புவேன். பெற்றுக்கொள்கிறவள் அழுவாள், அடுத்த கட்டுரையில் அதே தப்பு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். இப்போது அவர்களிடமே எண்ணச் சொல்கிறேன். கட்டுரையில் மொத்தம் எத்தனை வாக்கியம், அதில் ஒரு பிழைகூட இல்லாதது எத்தனை. 16 வாக்கியத்தில் 5 சுத்தம் என்றால் 5/16 என்று தாளின் மேலே எழுத வேண்டும். அடுத்த வாரம் அது 8/16 ஆக வேண்டும், அவ்வளவுதான் வீட்டுப்பாடம். எண்ண ஆரம்பித்த உடனே எல்லோரும் செய்கிற முதல் காரியம், நீட்டி முழக்குவதை நிறுத்துவது. நான்கு 'விச்' போட்ட ஒரு வாக்கியம் சுத்தமாக வர வாய்ப்பே இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. அதற்காக எல்லாமே மூன்று சொல் வாக்கியமாகிவிட்டாலும் ஆபத்து. 'ஆல்தோ', 'இஃப்', 'பிகாஸ்' வைத்த நடுத்தர நீள வாக்கியங்களைச் சுத்தமாக எழுதப் பழகினால் 7 கைக்கெட்டும்.

பிழைகள் எண்ணற்றவை என்று நினைக்கிறோம். ஒரு ஆளின் நான்கு கட்டுரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே ஐந்தாறு பிழைகள்தான் வேஷம் மாற்றி வரும். தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்த ஐந்தாறில் மூன்று ஏறக்குறைய நிச்சயம்.

முதலாவது 'ஏ'யும் 'தி'யும். தமிழில் அந்தச் சங்கதியே கிடையாது. "டாக்டர் வந்தார்" என்றால் நமக்குப் போதும். எந்த டாக்டர் என்பது பேச்சுப் போக்கிலேயே விளங்கிவிடும். ஆங்கிலத்தில் முதல் தடவை வருகிறவர் 'ஏ டாக்டர்', இரண்டாம் தடவை 'தி டாக்டர்'. இரண்டாவது, 'ஃபார்', 'சின்ஸ்'. "பத்து வருஷமா சுகர் இருக்கு" என்பதை அப்படியே தூக்கி வைத்தால் 'ஹி இஸ் ஹேவிங் டயபடிஸ் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று வரும். ஒரே வரியில் இரண்டு பிழை. 'ஹி ஹாஸ் ஹாட் டயபடிஸ் ஃபார் டென் இயர்ஸ்' என்பதுதான் சரி. காலத்தின் நீளத்தைச் சொன்னால் ஃபார், தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ்: 'ஃபார் டென் இயர்ஸ்', 'சின்ஸ் 2015'. மூன்றாவது பன்மை. "ரெண்டு மாத்திரை குடுத்தேன்" என்று நாம் தாராளமாகச் சொல்வோம், 'மாத்திரைகள்' என்று சொன்னால்தான் விசித்திரம். அந்தத் தாராளம் 'டூ டேப்லெட்' என்று ஆங்கிலத்துக்கும் போய்விடுகிறது. பிடிஇயில் கேட்டதை அப்படியே எழுதுகிற பகுதியில் ஒவ்வொரு சரியான சொல்லுக்கும் ஒரு மதிப்பெண். கடைசி 'எஸ்' விட்டால் அந்தச் சொல்லே போச்சு.

வியப்பான ஒன்று உண்டு. 'ஷி கோ' என்று எழுதுகிற தப்பு. அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது என்று ஒவ்வொரு ஆளுக்கும் விகுதி மாற்றுகிற மொழியில் பிறந்த நாம், ஆங்கிலம் கேட்கிற அந்த ஒற்றை எஸ்ஸை மட்டும் மறந்துவிடுகிறோம். காரணம் விதி தெரியாதது இல்லை, வேகம்தான். பேசும்போது அந்த எஸ் காதில் விழுவதில்லை. சத்தமாக வாசித்துப் பார்த்தால் பிடிபடும்.

ஓஇடி கடிதம் ஒன்றை வைத்துக் காட்டுகிறேன். எழுதுதல் மொத்தம் 45 நிமிஷம். முதல் 5 நிமிஷம் கேஸ் நோட்ஸைப் படிக்க மட்டும், பேனாவைத் தொடக்கூடாது. மீதி 40 நிமிஷத்தில் 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். நோயாளியை டிஸ்சார்ஜ் செய்து கம்யூனிட்டி நர்ஸிடம் ஒப்படைக்கிற மாதிரி. கேஸ் நோட்ஸ் எப்படி இருக்கும் என்று நர்ஸ்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'அட்மிட்டட் வித் செஸ்ட் பெயின். டயபடிக் டென் இயர்ஸ். லிவ்ஸ் அலோன். ரிவ்யூ டூ வீக்ஸ்.' வினையும் இல்லை, ஏ, தி எதுவும் இல்லை. தந்தி மாதிரி. பரீட்சை கேட்பது, இந்தத் தந்தியை முழு வாக்கியமாக விரிக்க முடிகிறதா என்பதைத்தான். அதாவது நோட்ஸில் இல்லாத இடங்களை நிரப்புவதுதான் மொத்த இலக்கணமும்.

உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கடிதத்துக்கு வேண்டியது மூன்று காலம். நோயாளியின் பழைய வரலாறு இன்னும் தொடர்கிறது என்றால் 'ஹாஸ் ஹாட்'. மருத்துவமனையில் நடந்து முடிந்ததெல்லாம் சாதாரண இறந்தகாலம்: 'வாஸ் அட்மிட்டட்', 'வாஸ் கிவன்', 'ஹி கம்ப்ளெய்ன்ட் ஆஃப்'. நோட்ஸில் இல்லாத அந்த 'ஹி'யைப் போட மறக்க வேண்டாம். இனி நீங்கள் செய்ய வேண்டியது என்ற கடைசிப் பத்திக்கு 'நீட்ஸ் டு', 'வில் ரிக்வையர்', 'இட் வுட் பி அப்ரிஷியேட்டட் இஃப்'. பாஸிவ் வாய்ஸ் இங்கேதான் உண்மையில் உதவுகிறது. மருந்து கொடுத்தது எந்த நர்ஸ் என்பது கடிதத்தைப் படிக்கிறவருக்குத் தேவையில்லை, கொடுக்கப்பட்டதா என்பதுதான் தேவை. ரிப்போர்ட்டட் ஸ்பீச், கண்டிஷனல் மூன்றாம் வகை, ஃபியூச்சர் பர்ஃபெக்ட் கண்டினியூவஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடலாம். நான் முன்னமே சொன்னது இதைத்தான்: பரீட்சை தெரிந்தால் இலக்கணப் புத்தகம் நாலில் ஒன்றாகச் சுருங்கும்.

கடிதத்துக்கு ஆறு அளவுகோல்கள் உண்டு. மொழி அதில் ஒன்றே ஒன்று. கடிதத்தின் நோக்கம் முதல் பத்தியிலேயே தெரிகிறதா, வேண்டாத விவரத்தை விட்டீர்களா என்பதற்கெல்லாம் தனி மதிப்பெண். 20 வருஷத்துக்கு முன் நடந்த அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனை நோட்ஸில் வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். நம்மவர்களுக்கு எதையும் விட மனசு வராது. "நோட்ஸ்ல குடுத்திருக்காங்களேக்கா" என்பார்கள். விட்டுவிடத் தெரிவதற்குத்தான் மதிப்பெண்.

பேசுதலிலும் இதே கதை. நோயாளியாக நடிக்கிற ஒருவரோடு இரண்டு காட்சிகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் போல. இலக்கணம் சரியா என்று பார்ப்பதோடு, நோயாளியைப் பேச விட்டீர்களா, அவர் பயத்தைக் காதில் வாங்கினீர்களா, சொன்னது புரிந்ததா என்று திருப்பிக் கேட்டீர்களா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நம் வார்டுகளில் ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை என்று தெரிந்தவர்களுக்கு, நம் பெண்கள் ஏன் படபடவென்று சொல்லி முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வார்கள் என்று விளங்கும். அந்தப் பழக்கம் அப்படியே பரீட்சையிலும் வரும். நோயாளி "ஐ ஆம் ஸ்கேர்ட்" என்பார், இவள் "டேக் திஸ் டேப்லெட்" என்பாள். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பி கிடைக்காது.

புத்தகம் கேட்கிறவர்களுக்கு என் பதில் இன்னும் பழசுதான்: ரேமண்ட் மர்ஃபி. 1985இல் வந்த இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ், நீல அட்டை. அடிப்படையே ஆட்டம் என்றால் அவருடைய சிவப்பு அட்டைப் புத்தகம். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி, இரண்டு பக்கத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் நான் சேர்க்கிற ஒரே வார்த்தை. உங்கள் கட்டுரையில் 'சின்ஸ்' தப்பாக இருந்தால் பின்னாலுள்ள அகரவரிசையில் 'சின்ஸ்' எங்கே என்று பார்த்து அந்த இரண்டு பக்கத்தை மட்டும் படியுங்கள். பிறகு அந்த இலக்கணத்தை வைத்து உங்களைப் பற்றியே ஐந்து வாக்கியம். புத்தகத்திலுள்ள டாமும் ஜேனும் எங்கே போனால் நமக்கென்ன, உங்கள் மாமியாரைப் பற்றி எழுதுங்கள், மறக்காது.

தினமும் ஆங்கில இந்துவின் தலையங்கம் படி என்கிற அறிவுரையை நான் கொடுப்பதில்லை. அதைப் படித்துப் புரிகிறவர்களுக்கு அந்த அறிவுரை தேவையில்லை, தேவைப்படுகிறவர்களுக்குப் புரியாது. அவரவர் விருப்பப்பட்டுப் படிக்கிற ஆங்கிலம் எதுவாக இருந்தாலும் சரி, சமையல் குறிப்பானாலும் சரி. 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்குகிற மனப்பாட டெம்ப்ளேட்டுகளும் வேண்டாம். பரீட்சகர்கள் அதை எத்தனை ஆயிரம் தாளில் பார்த்திருப்பார்கள்! மனப்பாடம் என்று தெரிந்த பகுதிக்கு மதிப்பெண் கிடைக்காது என்பதோடு, அடுத்த வாக்கியத்திலேயே சொந்த ஆங்கிலம் வந்து வேஷத்தைக் கலைத்துவிடும்.

செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கட்டுரையை உள்ளே போட்டால் பளபளவென்று திருத்திக் கொடுத்துவிடுகிறது, அதில்தான் கோளாறு. திருத்தியது அது, கற்றதும் அது. திருத்தச் சொல்லாதீர்கள், எந்தெந்த வாக்கியத்தில் பிழை இருக்கிறது என்று மட்டும் காட்டு, என்ன பிழை என்று சொல்லாதே என்று கேளுங்கள். கண்டுபிடிக்கிற வேலை உங்கள் தலையில் விழ வேண்டும். மாதிரித் தேர்வுக்கு ஐஎல்ட்ஸ் என்றால் கேம்பிரிட்ஜ் வெளியிடுகிற வரிசைப் புத்தகங்கள், ஓஇடி என்றால் அவர்கள் தளத்திலேயே இலவசமாக இருக்கிற மாதிரித் தாள்கள். மற்றவர்கள் போடுகிற மாதிரித் தாள்களில் பாதி, நிஜப் பரீட்சையைவிடக் கஷ்டமாகவோ கோணலாகவோ இருக்கும், மனசைத்தான் கெடுக்கும்.

உச்சரிப்பு பற்றிய பயமும் வேண்டாத ஒன்று. தமிழ் வாடை அடிக்கிறதே என்று வெள்ளைக்காரன் மாதிரி நாக்கைச் சுழற்றுகிறவர்கள்தான் புரியாமல் பேசுகிறார்கள். வாடைக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்கிறவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பதே கேள்வி. நம் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தேதி குறிப்பதற்கு முன் இரண்டு காரியம். ஐஎல்ட்ஸுக்கு இங்கே அடையாள ஆவணம் பாஸ்போர்ட்தான், ஆகவே அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பெயரையும் பாஸ்போர்ட்டில் அச்சாகியிருப்பது போலவே கொடுங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு பக்கம் முன்னால், இன்னொரு பக்கம் பின்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு விதம், நர்சிங் கவுன்சில் பதிவில் ஒரு விதம் என்று இருக்கும். மதிப்பெண் பட்டியலும் ஒரு புது விதமாக வந்தால் அதைச் சரிக்கட்ட அலைகிற அலைச்சல் இலக்கணத்தைவிடக் கஷ்டம். மதிப்பெண் பொதுவாக இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மற்ற தாள்கள் தயாராகாமல் முந்திக்கொண்டு எழுதி, மதிப்பெண் காலாவதியானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரை பேண்டு குறைந்துவிட்டால் என்ன செய்வது என்பதை எழுதுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஐஎல்ட்ஸில் நான்கு பேண்டின் சராசரி காலிலோ முக்காலிலோ முடிந்தால் மேலே ஏறும்: 7.5, 7, 6, 6.5 எடுத்தால் சராசரி 6.75, மொத்தம் 7 என்று வரும். ஆனால் ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி எல்லை கேட்கிற இடத்தில் அந்த 7ஆல் பிரயோஜனமில்லை. கணினியில் எழுதியவர்கள் ஒரே ஒரு திறனை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணை எல்லா இடமும் ஏற்பதில்லை, உங்கள் பல்கலைக்கழகத்தையோ கவுன்சிலையோ கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மறுமதிப்பீடு கேட்கவும் வழி உண்டு, மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும். மற்ற மூன்றிலும் 7.5 எடுத்துவிட்டு எழுதுதலில் மட்டும் 6 என்று வந்தால் கேட்டுப் பார்க்கலாம். நான்கும் 6 என்றால் அந்தப் பணத்துக்கு மர்ஃபி வாங்கிக்கொள்ளலாம்.

பிரிட்டன் போகிற நர்ஸ்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. ஒரே பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துக் காட்டலாம். முன்பு இரண்டுக்கும் இடையே ஆறு மாதம்தான் இருக்கலாம் என்றிருந்தது, 2023இலிருந்து 12 மாதமாக்கினார்கள். ஆனால் இரண்டு தடவையிலும் ஒரு கீழ் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்: ஐஎல்ட்ஸில் எழுதுதல் 6, மற்றவை 6.5, ஓஇடியில் எழுதுதல் சி, மற்றவை சி பிளஸ். சென்ற தடவை வாசித்தலில் மட்டும் தவறியவர், இந்தத் தடவை வாசித்தலில் பி எடுத்தால் போதும், எழுதுதல் சிக்கும், மற்றவை சி பிளஸ்ஸுக்கும் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் ஒவ்வொரு தடவையும் நாலையும் ஒரே மூச்சில் எடுக்க முயன்று சோர்ந்துபோய் மறுபடி வளைகுடா விசாவைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 12 மாதம் இன்னும் முடியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், எந்தத் திறனுக்கு உட்கார வேண்டும் என்று பார்க்கலாம்.